துவைக்காத சேலை

ராஜபாளையம்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் அண்ணன் பெற்ற அருமை மகள் முனீஸ்வரிக்கு உன் அத்தை வெள்ளைத்தாய் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ராம்கியும் திருப்பூரில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கே நானும் உன் மகள் யோகேஸ்வரியும் சுகம். மாப்பிள்ளை இப்போது சோறு வடிக்கிறாராமே. கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கிறது என்று முகத்தைத் திருப்பிய மனுசர் கஞ்சித் தண்ணியில் கையைச் சுட்டுக்கொண்டதைக் கேட்டு அரை நாள் சிரித்தேன். கேட்டதாகச் சொல்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் மகள் என் காதோடு காதாக ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், எதையும் பேச முடியவில்லை. நீயும் பனியன் கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுவாய், சூப்பர்வைசர் வைவான். அதனால் திருப்பூர் பஸ்ஸில் டிரைவராகப் போகிற நம்ம தெருக் கண்ணுச்சாமியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் என்னைக் கேலி செய்யாதே. மில் பள்ளிக்கூடத்தில் உங்களை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு, டீச்சர் சொல்லிக்கொடுக்க நானும் சேர்ந்து படித்த எழுத்துதான். நீயாவது அதற்கு மேல் பெரிய பள்ளிக்கூடம் போனாய்.

நம்ம மில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியைப் பொறுமையாகப் படி.

போன திங்கட்கிழமை ஜெயசித்ரா டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, மறுநாள் மில் ஆபீஸிலிருந்து எட்வின் சார் பார்க்க வருகிறார் என்றது. இருக்கிற பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாய்மாருக்கெல்லாம் பயம். வேலைக்கு வருகிறவளுக்குப் பிள்ளையை விட வேறு இடம் ஏது? பக்கத்துத் தெருப் பால்வாடியை ஷிப்டு முடியும் முன்னாலேயே பூட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் பளிச்சென்று இருந்தால் மூட மனசு வராது என்று எல்லாரும் சேர்ந்து கூட்டினோம், கழுவினோம். சுவரில் இருக்கும் யானைக்குத் தும்பிக்கை உதிர்ந்து ரொம்ப நாள் ஆயிற்று. பிள்ளைகளிடம் அதைப் பன்றி என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். தாய்மாரில் நம்ம பாண்டிசெல்வி கரிக்கட்டியால் தும்பிக்கை வரைந்தாள். அது பாம்பைத் தின்கிற பன்றி ஆகிவிட்டது.

அந்த வேகத்தில்தான் ஒரு காரியம் நடந்துவிட்டது. பிள்ளைகள் மத்தியானம் படுக்கிற சேலை வழக்கம் உனக்குத் தெரியும். சேரும்போது தாய் கட்டின சேலை ஒன்று கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும். துவைத்தால் ஞாயிற்றுக்கிழமை தாய் ஒரு பொழுதாவது அதைக் கட்டியிருந்துதான் திங்கட்கிழமை திரும்ப வரும். பழைய டீச்சர் வைத்த சட்டம். நீயும் உன் அம்மா சேலையைக் கடித்துக்கொண்டு தூங்கின கழுதைதான். அழுக்கு என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று சாயங்காலம் பாண்டிசெல்வி எல்லாச் சேலையையும் அள்ளித் தொட்டியில் முக்கி, சோப்பும் வாசனைத் தண்ணியும் போட்டுவிட்டாள். நான் அடுப்படியிலிருந்து வரும்போது உன் வாடாமல்லிச் சேலையும் அதற்குள் நுரையோடு கிடந்தது. தீபாவளிக்கு நீ போகும்போது உடம்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த சேலை. அன்றையிலிருந்து அதில் தண்ணி பட்டதில்லை. பாண்டிசெல்வியைக் குறை சொல்லாதே. அவள் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் மில்லில் மத்தியானச் சங்கு ஊதியதும் சேலைகளை விரித்தோம். ஒரு பிள்ளை படுக்கவில்லை. முகத்தை வைப்பதும் எடுப்பதும். ஒன்று அழ, எல்லாம் சேர்ந்து அழ, மில் மிஷின் சத்தமே கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து எட்வின் சார் வாசலில் நிற்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்த தாய்மார் விசயம் தெரிந்து, ஆளுக்கொரு சேலையை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்து, செத்த நேரம் மேலே சுற்றிக்கொண்டு இருந்து கொடுத்தார்கள். பஞ்சுத் தூசியோடுதான். ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டது.

உன் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சேலையை மோந்து பார்த்தாள். மடிக்கத் தெரியாமல் மடித்து என் கையில் கொடுத்து, "இது கடைச் சேலை, எங்கம்மா சேலைய எடுத்துத் தா" என்றாள். எட்வின் சார் நல்ல மனுசர். குனிந்து, உங்கம்மா எந்த டிப்பார்ட்மெண்டு பாப்பா என்று கேட்டார். "எங்கம்மா திருப்பூர்ல" என்றாள். மில்லில் வேலை பார்க்காதவர் பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சுவரில் இருந்த பன்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொறவு என்னைக் கூப்பிட்டு, இந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது, ஆபீஸில் கேட்கிறார்கள் என்றார். மூடப்போகிறவர்களுக்கு எதற்குக் கதை என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். மூன்று ஷிப்டும் ஓடிய காலத்தில் இந்த ஹாலில் கால் வைக்க இடம் கிடையாது. முட்டை உண்டு, சுண்டல் உண்டு, ஊஞ்சல் உண்டு. நீ டீச்சர் கையைக் கடித்ததையும் சொன்னேன். பஞ்சு விலை ஏறி நூல் தேங்கியபோது ராத்திரி ஷிப்டு நின்றது. இங்கே முட்டை நின்றது. அப்புறம் ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பலகையை விட்டுவிட்டார்கள். அதில்தான் நான் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு மில் திறந்தது, பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை, ஹாலை மட்டும் விட்டுவைத்தார்கள். தாய்மார்தான் வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்து, நீ சமை வெள்ளைத்தாயி, நாங்க வேலைக்குப் போறோம் என்றார்கள். அப்படி ஓடினதுதான் இத்தனை வருசமும். போன வருசம் ஆள் குறைத்தபோது உன்னையும் மாப்பிள்ளையையும் போல எத்தனையோ பேர் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். பிள்ளைகளும் போயிற்று. சிலதுடைய சேலை மட்டும் இங்கே மடித்தபடி கிடக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, "நா ஒருத்தன் சொல்லி நடக்காதும்மா" என்றார். அது நிசம்தான். அவர் வேலையே எத்தனை நாளைக்கோ. நேற்று மூடுவதாகத் தாக்கல் வந்துவிட்டது. மில்லில் இருக்கிறவர்கள் பிள்ளைகளை வேன் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு மில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்கள். உன் மகள் யோகாவுக்கு அந்த வேனில் இடம் இல்லை. எனக்கும் இல்லை.

ஜெயசித்ரா டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் எனக்காகப் பேசியிருக்கிறது. பால் கிண்டுகிற வேலை. காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவேன். அந்த அடுப்புப் பக்கம் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கும் முன்போல் ஓடியாட முடியவில்லை ஏட்டி. முழங்கால் படியேறும்போது என்னையே வைகிறது. கிண்டுகிற சாக்கில் கொஞ்சம் தின்று தேறிவிடுவேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

யோகா இப்போது மத்தியானத்தில் தூங்குவதில்லை. அடுப்படிப் பலகையில் என்னோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். கல்லை எல்லாம் அரிசியில் போடுகிறாள், அது வேறு. ராத்திரி என் வயிற்றில் தலை வைப்பாள். என் சேலையைக் கொடுத்தால், "இது ரச வாசம் வருது வெள்ளத்தாயி" என்று தள்ளிவிடுவாள். பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், திமிர் உன்னைப் போல. அழுவதும் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

கம்பெனியில் லீவு கிடைக்காது, பொங்கலுக்கே கிடைக்கவில்லை என்று தெரியும். நான் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சேலை மட்டும் வேண்டும். பழையது போதும். நாலு நாள் கட்டி, மிஷின் எண்ணெய், வேர்வை எல்லாம் இருக்கட்டும், துவைக்காமல் கண்ணுச்சாமியிடம் கொடு. அவன் பஸ்ஸில் டீசல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தால் அந்த வாசமும் சேர்ந்துவிடும், அதுதான் யோசனையாக இருக்கிறது. நீயே உடம்பில் கட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினாய் என்றால் விடியும்போது சேலை கெடாமல் வந்து சேரும்.

வாசல் கதவை நான் தாழ் போடுவதில்லை. மாப்பிள்ளையும் நீயும் நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தை
வெள்ளைத்தாய்