நான் போடாத கையெழுத்து

பிப்ரவரி 4

என் கண்ணுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டால் "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. இருமல் நின்றதா, எடை குறைந்திருக்கிறதா, கூடத் தங்கியிருக்கும் பெண்கள் உன்னைத் தூங்க விடுகிறார்களா, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

உன் பெயருக்கு ஒரு வங்கி உறை வந்தது. பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்கு முன்பும் இரண்டு வந்தன. விளம்பரமாக இருக்கும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இதில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நின்றுவிட்டாள். அவள் மேசையும் இப்போது என் தலையில். இயந்திரச் சத்தத்தில் வலது காது அடியோடு போய்விட்டது. போனில் நீ பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. நீ எழுதினால்தான் எனக்குக் கேட்கும். இங்கிருந்து போய் எட்டு மாதம், இரண்டே கடிதம். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

உன் புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அன்புடன்,
அத்தை

பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

இருமல் நின்றுவிட்டது. எடை குறைந்திருக்கிறது. கூட இருந்த பெண்களில் ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்திக்கு வேலை மாற்றம். தூக்கத்தைக் கெடுக்க இப்போது யாரும் இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

உறை வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மருந்துக் கடையில் சம்பளம் கூட்டினார்கள். அந்தத் தைரியத்தில் தவணையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கப் போனேன். விற்பனைப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கு. வேன் கடன் ஒண்ணு கட்டாம நிக்குதே" என்றான். "எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுப்பா" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை.

கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் மகன் வாங்கிய கடன். இணைக்கடன்தாரர் என்று என் பெயரும் என் கையெழுத்தும் இருக்கின்றன. அவர் நம்மை விட்டு ஓடிப்போன நாளிலிருந்து ஒரு தவணையும் கட்டவில்லை. கடைசி எழுத்தை நான் கீழே இழுக்க மாட்டேன். அதில் நீளமாக இழுத்திருக்கிறது. அது நான் போட்ட கையெழுத்தே இல்லை அத்தை.

தேதி ஜூன் பன்னிரண்டு. நான் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறார்கள். அன்றுதான் என் வயிற்றில் இருந்தது தங்காமல் போனது. காலையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். நீங்கள் என் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

வங்கி அதிகாரி, "போலீஸ்ல புகார் குடுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும். அன்னைக்கு உங்க கூட இருந்தவங்க நோட்டரி முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்" என்றார். கூட இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்களிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள்
மருமகள்

மார்ச் 15

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. முழங்கால் வலி, வேலை அதிகம், அதனால் தாமதம். மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். என் நல்ல காதுக்கும் அவர்களால் ஆபத்து.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு வயதாகிறது, கண்ணு. எந்தத் தேதியில் எது நடந்தது என்று சரியாக நினைவில் நிற்பதில்லை. தப்பாகச் சொல்லி உனக்கே கெடுதலாகிவிட்டால் என்ன செய்வது?

என் சேமிப்பை உன் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் அந்தக் கடனைக் கட்டு. கட்டிவிட்டால் எல்லாம் அழிந்துவிடாதா? அவன் செய்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

அன்புடன்,
அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கட்டினால், கையெழுத்துப் போட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கட்டி முடித்தாலும் தவறிய தவணைகள் ரிப்போர்ட்டில் வருடக்கணக்கில் அப்படியே நிற்குமாம்.

இந்த வாரம் ஒரு வீடு பார்க்கப் போனேன். ஒற்றை அறைதான், ஆனால் நல்ல வெளிச்சம். வீட்டுக்காரம்மா நன்றாகத்தான் பேசினார். ஸ்கோரைப் பார்த்ததும், "தப்பா நெனைக்காதம்மா, வாடகை ஒழுங்கா வருமான்னு நானும் பாக்கணும்ல" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கு வீடு தர மாட்டேன்.

வங்கியில் கொஞ்சம் பணத்தை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் பேரில் ஒரு சின்ன கிரெடிட் கார்டு வாங்கியிருக்கிறேன். மாதாமாதம் அதில் சோப்பும் பஸ் பாஸும் மட்டும் வாங்குகிறேன். கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுகிறேன். ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று அப்படித்தான் மெல்ல மெல்லப் பெயர் எடுக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு வயதில் சோப்பு வாங்கி நல்லவள் என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை, உங்களுக்கு அந்தத் தேதி மறக்காது. அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவர் எங்கே என்றும் கேட்கவில்லை. அன்று நான் எங்கே இருந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
மருமகள்

மே 28

என் கண்ணுக்கு,

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அவனிடமிருந்து தகவல் இல்லை என்று எழுதினேன். உண்மையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்துகொண்டிருந்தான். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று மறைத்தேன். அதுவும் பொய். நான் பேசுவதை நிறுத்தச் சொல்வாயோ என்று பயந்தேன்.

இந்த மாதம் இடது காதில் வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டேவிட்டேன்.

"என் பேர்ல மட்டும் தர மாட்டேன்னுட்டாங்கம்மா. அதான் அவ பேரையும் போட்டேன். கட்டிரலாம்னுதான் நெனச்சேன்" என்றான்.

"கையெழுத்துப் போட்டது யாருடா?"

"தெரிஞ்சவன் சம்சாரம். ஒரு கையெழுத்துதானம்மா."

"அன்னைக்கு அவ எங்க கெடந்தான்னு தெரியுமா உனக்கு?"

போனை இடது காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றான்.

அன்று சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தானே, வேலை முடிய நேரமாகிவிட்டது என்றானே. "பாவம், ஓடி வந்திருக்கான்" என்று உன்னிடம் நானே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நோட்டரியிடம் போனேன். தட்டச்சு செய்தவர், "எதிர்த்தரப்பு உங்களுக்கு என்ன உறவும்மா?" என்றார். "மகன்" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

"நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"ரெண்டு மாசமா அதத்தான் செஞ்சேன். நீங்க அடிங்க" என்றேன்.

காலை ஏழு மணி முதல் இருட்டும் வரை நீ என் கண் முன்னால் இருந்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அசல் பத்திரம் இத்துடன் இருக்கிறது. பத்திரம்.

நான் எழுதிக்கொடுத்ததை அவனிடமும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவன் போன் செய்யவில்லை.

அத்தை

அக்டோபர் 9

அன்புள்ள அத்தைக்கு,

போன மாதம் வங்கியிலிருந்து தீர்ப்பு மாதிரி ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடனை என் பெயரிலிருந்து முழுதாக எடுத்துவிட்டார்கள். வங்கிக்குப் போனேன். "பழசு போயிருச்சு. ஆனா புதுசா பெரிசா ஒண்ணும் இல்ல, கார்டு மட்டுந்தான். இனிமே ஒழுங்கா கட்டி ஸ்கோரை ஏத்திக்கிட்டே போங்க" என்றார்கள். கெட்டவளாக இல்லை, அவ்வளவுதான். அதுவே போதும் என்று இருந்தது.

வெளிச்சமான அந்த அறை மறுபடி காலியானதும் அதை எனக்கே கொடுத்துவிட்டார் வீட்டுக்காரம்மா. ஃப்ரிட்ஜும் வந்துவிட்டது. அதற்குள் பால் பாக்கெட்டும் இரண்டு முட்டையும் மட்டும் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் கடையில் "சில்லறை இருக்கா?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதினால் சின்னதாகப் போய்விடும். இங்கே வந்துவிடுங்கள் அத்தை. இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது. சலவைக் கடை எந்த ஊரில் இல்லை? காது டாக்டரும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். நீங்கள் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
மருமகள்

நவம்பர் 17

என் கண்ணுக்கு,

"சரி" என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். மறுநாள் தபாலில் சேர்க்க இருந்தேன். அதற்குள் அவன் வந்துவிட்டான்.

வேனைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழக்கு நடக்கிறது. போட்ட சட்டையோடு வாசலில் நின்றான். பெத்த மனம் பித்து என்பார்கள். கதவைத் திறந்துவிட்டேன்.

எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கச் சொன்னான். மாட்டேன் என்றேன். ஒரு வாரம் கழித்து வேறு பேச்சை எடுத்தான். "உன் பேர் சுத்தமா இருக்கும்மா. நீ ஒரு கையெழுத்துப் போட்டா புதுசா ஆரம்பிச்சிருவேன்" என்றான். சாப்பாடு போட்டேன்.

அடுத்த நாள் கடையிலிருந்து நேராக வங்கிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. "என் பேர்ல யாரும் கடன் வாங்க முடியாதபடி பூட்ட முடியுமா?" என்றேன். "முடியும்மா. யாராச்சும் ஏமாத்தப் பாக்குறாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "முன்னெச்சரிக்கைதான்" என்றேன். பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அவனுக்குத் துவைத்த போர்வை எடுத்துக் கொடுத்தேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று இரண்டு தடவை கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நான் வேலைக்குப் போன நேரத்தில் இழுப்பறையைக் குடைந்திருக்கிறான். அதனால் உன் கடிதங்களை எரித்துவிட்டேன். விலாசத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். இதை இஸ்திரி மேசையில் வைத்து எழுதுகிறேன். இந்தக் கடை விலாசத்துக்கும் எழுதிவிடாதே. மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவது அவன்தான். சூடாகத்தான் கொண்டுவருகிறான்.

அவனை விரட்டிவிட்டு உன்னிடம் வர எனக்குத் தைரியமில்லை. அவன் என்னோடு இருக்கும்வரை உன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். என்னால் உனக்குச் செய்ய முடிவது இவ்வளவுதான்.

ஆகவே எழுதாதே, கண்ணு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, யாரிடமாவது போய்ப் பேசு. தபால்காரர் நம் வாசலில் நிற்காமல் போகும்போதெல்லாம் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அத்தை