நெகட்டிவ் என்றால் இல்லை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; முக்கால் நலம் என்று வைத்துக்கொள். உன் மருத்துவமனை நோயாளிகளுக்கான மார்பகப் புற்றுநோய்க் கையேட்டில் நான்கு பக்கம் தமிழில் முடித்துவிட்டேன். செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஈ-கேடெரினுக்கு ‘ஒட்டுப் புரதம்’ என்று போட்டிருக்கிறேன். ‘பிணைப்பு’ கௌரவமாக இருக்குமோ? முப்பது வருடம் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தவனுக்குச் சொந்தச் சொல்லில் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு சந்தேகம். ஒரு வகைப் புற்றுநோயில் அந்தப் புரதம் இல்லாமல் போவதால் செல்கள் சேர்ந்து கட்டியாகாமல் ஒற்றை வரிசையில் பரவுகின்றன. கைக்குக் கட்டி தட்டுப்படாமல் போகலாம், மார்பக எக்ஸ்ரே படத்திலும் தப்பலாம், சதை தடித்தது போல மட்டும் இருக்கலாம். சரியாகப் புரிந்துகொண்டேனா?

இனி எழுதுவது மொழிபெயர்ப்பில் சேராது. அம்மா இடப்பக்கம் பலகை மாதிரி இருக்கிறது என்கிறாள். போன வருடப் படத்தில் ஒன்றுமில்லை. “வயசானா இறுகத்தான் செய்யும். நீங்க இறுகலையா?” என்கிறாள். மருத்துவப் புத்தகம் படிப்பவனுக்கு எல்லா வியாதியும் இருப்பதாகத் தோன்றுமாம். எனக்கு அவளுக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. போனில் கேட்கலாமென்றால் பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் மின்னஞ்சல். வீண் பயம் என்றால் மன்னித்துவிடு.

அப்பா

மார்ச் 5

அப்பா,

கடைசிப் பத்தியை முதலில் எழுதக் கூடாதா? நாளைக்கே அழைத்துப்போங்கள். படம் மட்டும் போதாது, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் வேலையே அதுதான். ஆனாலும் பெற்ற தாயின் சதையை நானே பார்த்து முடிவு சொல்வது முறையல்ல. அங்கேயே பார்க்கட்டும். வரமாட்டேன் என்றால், ‘உன் பெண் என் உயிரை வாங்குகிறாள்’ என்று சொல்லுங்கள்.

‘ஒட்டு’ இருக்கட்டும். ஒட்டுமில்லை உறவுமில்லை என்றால் யாருக்கும் புரியும். அந்தச் செல்களும் அப்படித்தான்.

மகள்

மார்ச் 17

அன்பு மகளுக்கு,

சதை எடுத்தார்கள். சந்தேகமான செல்கள் இருக்கின்றன, எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். நேற்று பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் எடுத்தாள். வெளியே வந்தால் முகமெல்லாம் சிரிப்பு.

“நெகட்டிவ்வாம்! சொன்னேன்ல? அப்பனும் பொண்ணும் சேந்து என்னைக் குத்திக் கிழிச்சதுதான் மிச்சம்.”

“எது நெகட்டிவ்னாங்க?”

“ஈ-கேடெரினோ என்னமோ. எதுவா இருந்தா என்ன, இல்லைன்னா இல்லைதானே?”

டாக்டரைப் பார்க்கப் போவதையும் அவளே ரத்து செய்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. அந்தச் சொல்லை நான்தான் தமிழாக்கினேன். இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிகிறது, சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். நீ போன் செய்து சொல்லிவிடேன்.

அப்பா

மார்ச் 17, மாலை

அப்பா,

தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நீங்கள் பயப்படும் வகைதான் என்று நினைக்கிறேன். முழு அறிக்கை டாக்டரிடம் இருக்கும். நான் சொன்னால் டாக்டர் பேசுகிறாள் என்று சண்டைக்கு வருவாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். இதற்கு வைத்தியம் இருக்கிறது, நாள் கடத்தத்தான் கூடாது. சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் சொல்லிவிடுங்கள்.

மகள்

மார்ச் 20

அன்பு மகளுக்கு,

நேற்றுக் காலை சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுதி வைத்திருந்த நாலு வாக்கியமும் மறந்துவிட்டன.

“நெகட்டிவ்னா இல்லைன்னுதான் அர்த்தம். ஆனா இல்லைன்னு சொன்னது வியாதியை இல்லை. செல்லை ஒட்டி வைக்கிற புரதத்தை. அது இல்லாததுதான் இங்கே வியாதி.”

கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். “எப்பத் தெரியும்?”

“நீ சொன்ன அன்னைக்கே.”

“மூணு நாளா வாய்ல கொழுக்கட்டையா? தெருவெல்லாம் வேற சொல்லித் தொலைச்சேன்.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் அறைக்கு அவளே போன் செய்து பேசும் குரல் கேட்டது.

இன்று போனோம். அந்த வகையேதான். அறுவை சிகிச்சை வருகிற வியாழக்கிழமை. மருந்து என்னவென்று அப்புறம் முடிவு செய்வார்களாம். டாக்டர் விளக்க ஆரம்பித்ததுமே அம்மா, “ஒட்டு இல்லை, அதானே?” என்றாள். அவர் வியந்துபோய், யார் சொன்னது என்று கேட்டார்.

அம்மா என்னைக் காட்டினாள். “இவருதான். வாயைத் தொறக்க மூணு நாளாகும். சொன்னா சரியா இருக்கும்.”

அப்பா