சிரிப்பு மேடையில் ஜாக்சன்

ஓசூர்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஃபெபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எல்லாரும் சுகம், உன் தம்பி ஜாக்சனின் விரல் போன கையைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னால். அயர்லாந்தில் மழை விடவே இல்லையாமே, ஈரத் தலையோடு டியூட்டிக்கு ஓடாதே. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதால் அப்பா ஷிப்ட் முடிந்து சுற்றுவழியில்தான் வருகிறார்.

இங்கே கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் பெரிய ஹோட்டலில் ஸ்டாண்ட்-அப் காமெடி நடத்தி, மெஷினில் கை போனவர்களுக்கு உதவுகிறார்களே, அந்தத் தர்ம விழாவுக்கு இந்த வருஷம் நம் ஜாக்சன்தான் மாப்பிள்ளை. மேடையில் சிரித்த முகமாகச் செயற்கை விரல் வாங்கிக்கொள், அடுத்த மாதமே கம்பெனி ஸ்டோரில் வேலை என்று ஹெச்.ஆர். சொல்லியிருந்தார். எடுத்ததும் அவர்களே, கொடுப்பதும் அவர்களே, ஆண்டவருக்கு அடுத்த இடம்தான். பெங்களூரிலிருந்து வந்த தொகுப்பாளர்கள் ஒரு பையனும் ஒரு பெண்ணும், இங்கிலீஷில் இவனை ஹீரோ என்றார்கள். பிறகு அந்தப் பையன் கன்னடத்தில், இவனைக் கட்டிக்கிறவளுக்கு மோதிரச் செலவு மிச்சம் என்றான். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓசூர்க்காரனுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்த புத்திசாலிகள்! ஜாக்சன் மைக்கை வாங்கிக் கன்னடத்திலேயே, அண்ணா, ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் மெஷின் இறங்கும், உற்பத்தி ஏறணும்னு ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டச் சொன்ன மேனேஜர் முன்வரிசையில் இருக்கார், அவருக்குக் கை தட்டுங்க, என்னால முடியாது என்றான். அதையும் காமெடி என்று நினைத்து ஹாலே தட்டியது. மேனேஜரும் தட்டினார், பாவம், கன்னடம் தெரியாத வடக்கத்திக்காரர். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

மறுநாள் ஹெச்.ஆர். வீட்டுக்கே வந்துவிட்டார். மேடையில் பேசியது வெறும் தமாஷ் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, வேலை உனக்குத்தான் என்றார். விபத்துக்கு இவன் கவனக்குறைவே காரணம் என்று கம்பெனி முன்பே சொல்லிவிட்டது, இதையும் எழுதிக் கொடுத்தால் லேபர் கோர்ட்டில் நாம் போட்ட கேஸில் என்ன மிஞ்சும்? விரல் போனதும் தமாஷ்தானா சார் என்று கேட்டு, ஜாக்சன் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினான். அப்பாவோ, மானத்தை வைத்து அரிசி வாங்க முடியுமா என்று வீடு முழுக்கப் புலம்புகிறார். நேற்றுவரை நானும் அவர் கட்சிதான். இன்று கோயிலில் ஜாக்சன் பக்கத்தில் உட்கார்ந்து அதே மேனேஜருக்காக ஜெபம் பண்ணப் பார்த்தேன், ஜெபம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கர்த்தர் உன்னைக் காப்பார். ஒன்று மறக்காதே. தம்பியிடம் பேசு என்று அப்பா உனக்கு போன் பண்ணுவார். எழுதிக் கொடுத்துவிடு என்று மட்டும் அவனிடம் சொல்லாதே. நீ சொன்னால் அவன் கேட்டுவிடுவான், எனக்கு அந்தப் பயம்தான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
சாராள் ஜான்பீட்டர்