பொத்தான் வைத்த ஸ்டியரிங்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேனும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவது என் பழைய பழக்கம், சட்டென்று விட முடியவில்லை. பத்து நாளாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மன்னிப்புக் கேட்டுவிடுவேன், பிறகு யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதே மறந்துபோகும். அதனால்தான் கடிதம். குழந்தைக்குச் சளி விட்டதா? ஈரத் தலையோடு விளையாட விடாதே.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பரிசு வந்த அன்று நான் பட்ட சந்தோஷத்தை முதலில் எழுதிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான். பெட்டியைத் திறந்தால் பொத்தான் வைத்த ஸ்டியரிங், மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் குரூஸ் கண்ட்ரோலுக்கான ஒயர்கள், மேலே உன் கையெழுத்தில் 'அம்மாவின் முழங்காலுக்கு' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். தினமும் சலவைத் துணி மூட்டைகளோடு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற அந்த நீண்ட நேர் சாலையில் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து என் கால் என்ன பாடுபடுகிறது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். போன மழையில் சிக்னலில் முழங்கால் பூட்டிக்கொண்டு, பச்சை விழுந்தும் நகர முடியாமல், பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹார்னிலேயே என் குலம் கோத்திரம் விசாரித்ததை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். நீயும் சரி என்றாய்.

மாட்டியது நீ சின்ன வயதில் ஷாக் மாமா என்று கூப்பிடுவாயே, அந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு டம்ளர் காபியை அரை மணி நேரம் குடித்தார். ஏன் தம்பி என்று கேட்டதற்கு, "ஏர்பேக் இருக்குக்கா, அவசரப்பட்டா மூஞ்சியிலேயே வெடிக்கும்" என்றார். நம் வீட்டில் யாருக்கும் இல்லாத நிதானம். பிறகு பழைய ஸ்டியரிங்கை எடுத்து, அதன் பின்னால் சுருண்டிருந்த பட்டைக் கம்பியையும் மாற்றி, புதியதைப் பூட்டி, லேப்டாப்பைச் சொருகினார். இந்த வசதி வேனின் மூளைக்குள் முதல் நாளிலிருந்தே இருக்கிறதாம், யாரும் திறந்துவிடவில்லையாம். ஒன்பது வருஷம் கூடவே இருந்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் உள்ளவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போலும். பாட்டு, போன் எல்லாம் பொத்தானில் வருகிறதா என்று பார்க்க ஒரு போன் கேட்டார், அப்பா தன்னுடையதைக் கொடுத்தார், அதையே வேனோடு இணைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே அப்பா ஒரு தாளை நீட்டி, "ஸ்டியரிங் மாத்தினதை ஆபீஸ்ல பதியணுமாம், இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார். பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தயாராக வைத்திருந்தார். இருமல் மருந்தோடு வரும் சீட்டைக் கூட கடைசி வரி வரை படிக்கிறவள் நான். அதைப் படிக்காமல் போட்டேன்.

மறுநாள் அப்பாவும் கூட வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நேர் சாலை வந்ததும் அறுபதில் செட் செய்து காலை எடுத்தேன். என்ன சொல்ல, வேன் தானாகப் போனது. இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று கட்டை விரலால் ஒரு பொத்தானை அமுக்கிய நேரம் பார்த்து அப்பாவுக்குப் போன் வந்திருக்கிறது, நான் அமுக்கியது அதை எடுக்கிற பொத்தான். நாலு கதவு ஸ்பீக்கரிலிருந்தும் உன் குரல். "அப்பா, அம்மா ஃபார்ம்ல கையெழுத்து போட்டாச்சா? ஸ்டியரிங்குக்குன்னு சொன்னதை நம்பிட்டாங்கல்ல? கேக் செய்யறவங்க ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துக்கறாங்களாம். குரூஸ் இருந்தாத்தான் வேணும்னு சொன்னாங்களே, மாட்டியாச்சுன்னதும் ஒரே சந்தோஷம். வண்டி போயிட்டா அம்மா தானா வீட்ல உக்காந்துருவாங்க" என்றாய். அப்பா, தன் பெயர் கொண்ட வேறு யாருக்கோ வந்த போன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் எதன் மீதும் இல்லை. வேறு வேலை இல்லாததால் ஒரு வார்த்தை விடாமல் கேட்க முடிந்தது. கடைசியில் அப்பா, "அம்மா பக்கத்துலதான் இருக்கா" என்றார். நீ வைத்துவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீங்கள் ஸ்டியரிங்கில் மறைத்திருக்கிறீர்கள்.

திட்டுவேன் என்று அப்பா எதிர்பார்த்தார், நான் மூட்டைகளை இறக்கினேன். இறக்கும் இடத்தில் மேலாளர், "அடுத்த வாரத்துலேர்ந்து ரெஸ்ட்டாமே, வேற வண்டி சொல்லிட்டோம்" என்று வாழ்த்துச் சொன்னார். ஷாக் மாமாவுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாத என் விஷயம். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "உனக்காகத்தானே செஞ்சோம்" என்றார். இருக்கலாம். திருடன் கூட குடும்பத்துக்காகத்தான் திருடுகிறான். வண்டியை விற்கிற அந்தத் தாளைக் கிழித்துப்போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் வாங்க வந்த அந்தக் கேக் பெண்மணி அப்பா பேச்சை நம்பித் தன் வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இவர் வாக்குக் கொடுப்பதும் நான் காப்பாற்றுவதும் இந்த வீட்டில் நாற்பது வருஷ ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், கையில் மூன்றடுக்குக் கேக். "சும்மா ஓட்டிப் பாத்தா போதாதும்மா, இத வச்சுதான் பாக்கணும். போன வண்டில ஒவ்வொரு தடவையும் மேலடுக்கு கீழடுக்குக்கு வந்துரும்" என்றாள். பின்னால் வைத்துக் கட்டினோம். நேர் சாலையில் அறுபதில் செட் செய்து போய் வந்தேன். இறங்கிப் பார்த்தால் சர்க்கரைப் பூ ஒன்று கூட அசையவில்லை. அவள் கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "வண்டி சரி, இப்படி ஓட்ட ஆளுக்கு எங்க போவேன்?" என்றாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். நான் முழங்கால் விஷயத்தைச் சிக்னல் கதையோடு ஒளிக்காமல் சொன்னேன், ஒரு ஆளாவது நேராகக் கேட்கட்டும் என்று. அவள், "நெரிசல்ல நான் ஓட்டிக்கறேன், நேர் ரோடு உங்களுது. வாரம் மூணு நாள் வருவீங்களா?" என்றாள். நீயும் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

அதனால் வேன் போய்விட்டது, நான் போகவில்லை. திங்கட்கிழமை முதல் வேலை. "வித்ததே நீ உக்காரணும்னுதான்" என்று அப்பா முனகுகிறார். நானும் உட்கார்ந்துதான் ஓட்டப் போகிறேன். ஸ்டியரிங்கைக் குறை சொல்ல மாட்டேன், முழங்காலுக்கு நிஜமாகவே சுகம். மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து உன் சீட்டை மட்டும் எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை, எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் தெரிந்தே எல்லாம் செய்துகொண்டு நீடூழி வாழ வேண்டும். மாப்பிள்ளையிடம் கோபமில்லை, அவருக்கும் கடைசியில்தான் தெரியும் என்று நினைக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது ஒன்றை நினைவில் வை. எப்போதும் போல வேன் உன்னை அழைக்க வராது, அது இப்போது நம்முடையது இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் வர வேண்டும். கடைசி நிறுத்தத்தில் இறங்கு, நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா