கீழே நின்று பார்த்த சுவர்

மகள் வீட்டில் வேளாவேளைக்கு மரியாதையோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது போனில் கேட்கும் குரலிலேயே தெரிகிறது. அந்தக் குரலும் இரண்டு வார்த்தைக்கு மேல் கேட்பதில்லை. "இந்தாங்க, பேரன்கிட்ட பேசுங்க" என்று கொடுத்துவிடுகிறாய். அவன் மூச்சு விடுகிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கடிதம். இதை அவன் கையில் கொடுத்துத் தப்பிக்க முடியாது. கொடுத்தால் தின்றுவிடுவான்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நீ பிரசவத்துக்குத் துணையாகப் போனாய், சரி. குழந்தை பிறந்து, தவழ ஆரம்பித்தும் நீ திரும்பவில்லை. "இந்த மனுஷன் சாரத்துல ஏறுறத நிறுத்தட்டும், அப்புறம் வீட்டுக்கு வரேன்" என்று நீ சொன்னதைத் தனியாக என்னிடம் சொல்லியிருக்கலாம். குழந்தையைப் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளை எதிரில் சொன்னாய். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கட்டடத்துச் சாரத்திலிருந்து நான் ஒரு நாளும் விழுந்ததில்லை. வீட்டு ஸ்டூலிலிருந்து விழுந்தது வேறு விஷயம். அது பல்பு மாற்ற நீ ஏறச் சொன்னது.

இனி நல்ல சேதி. நூலகத்துச் சுவர் முடியப் போகிறது. இது சிமெண்ட் பூசிக் கல்லை ஒட்டும் வேலை இல்லை, உனக்குத் தெரியும். சுவரில் போல்ட் அடித்துக் குறுக்கே அலுமினியச் சட்டம் வைப்போம். கல் பலகையின் முதுகில் துளையிட்டு நான்கு கொக்கிகளை முடுக்குவோம். அப்புறம் ஆணியில் சட்டையை மாட்டுகிற மாதிரி, பலகையைத் தூக்கிச் சட்டத்தில் மாட்டிவிட வேண்டியதுதான். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. முதன்முதலில் கிடைத்த கொக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கழற்றிப் போட்டுக் கற்றுக்கொண்டேன். மேசையில் விழுந்த கீறலை நீ மறந்திருக்க மாட்டாய்.

இந்தச் சுவருக்கு வந்த கல்லெல்லாம் ஒரே பாறையில் அறுத்தவை. சாம்பல் நிறம், நடுவே ஒரு கறுப்பு ரேகை. சரியாக மாட்டினால் அந்த ரேகை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போய், சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஆறு போல ஓடும். கல் வந்த அன்று அதைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்குச் சோறே இறங்கவில்லை. அவ்வளவு அழகு.

சாலையின் எதிர்ச் சாரியில் ஒரு பெண் பழச்சாறுக் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க எங்கள் சுவரைப் பார்த்தபடி பழம் நறுக்குகிறவள். போன வாரம் அவள், "அண்ணே, மேல் வரிசையில ஒரு கல்லு தலைகீழா நிக்குதே" என்றாள். கல்லுக்குத் தலை எது கால் எது என்று கேட்டேன். "கல்லப் பத்தி எனக்கென்ன தெரியும். நேரா வந்த கோடு அங்க மட்டும் இடறி விழுது. வேணும்னா இங்க வந்து நின்னு பாருங்க" என்றாள். சாறு பிழிகிறவள் எனக்குக் கல் சொல்லித்தருகிறாளா என்று சண்டை போட்டுக்கொண்டேதான் சாலையைக் கடந்தேன்.

ஆறு அந்த இடத்தில் அறுந்துதான் கிடந்தது.

அது என் கையால் மாட்டிய பலகை. சதுரக் கல், நாலு துளையும் ஒரே அளவில் இருக்கும். கொக்கியை எந்தப் பக்கம் பார்த்து முடுக்கினாலும் அழகாக உட்காரும். ரசமட்டம் வைத்தேன், ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கல்லுக்கு மூக்கு உரசுகிற தூரத்தில் சாரத்தில் நிற்கிறவனுக்கு மட்டம் தெரியும், ஆறு எங்கே தெரியும்? எது மேல்பக்கம் என்று கல்லின் முதுகில் அம்புக்குறி போட்டவன் அழுத்திப் போட்டிருக்க வேண்டும். என் மேல் தப்பில்லை.

இஞ்சினியர் தம்பி, "விடுங்க பெரியவரே, யாரும் கவனிக்க மாட்டாங்க, திறப்பு விழா நெருங்குது" என்றார். சாறுக்கடைக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியாதா என்று கேட்டேன். திருப்பி மாட்டாமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அரை நாள். என் பிடிவாதம் உனக்குத்தான் தெரியும், இப்போது அவருக்கும் தெரியும்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். என்னோடு வேலை செய்யும் பையன்கள் மேலே போய் அந்தப் பலகையை மட்டும் லேசாகத் தூக்கிக் கழற்றினார்கள். பக்கத்துக் கல்லில் ஒரு கீறல் இல்லை. கொக்கிகளைத் திருப்பி முடுக்கி மறுபடி மாட்டினார்கள். நான் சாறுக்கடைப் பக்கம் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஆறு சேர்ந்துகொண்டது. கிரேன் ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தே தெருவைக் கூட்டிவிட்டான். சாறுக்கடைக்காரி எல்லாருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துவிட்டு, "அண்ணனுக்கு மட்டும் சக்கரை தூக்கலா. வாய் கொஞ்சம் இனிக்கட்டும்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன். எந்தப் பலகையும் மேலே போகுமுன் தரையில் வரிசையாகப் பரப்ப வேண்டும். நான் சுற்றி வந்து பார்த்துச் சரி என்றால்தான் கொக்கி முடுக்கலாம். மாட்டும்போது எதிர்ச் சாரியிலிருந்து பார்த்துச் சொல்வேன். ஒரு நாற்காலியும் குடையும் கொடுத்திருக்கிறார்கள். பையன்கள் எனக்குக் கீழ்வீட்டுக்காரர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை போனாலும், இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை.

ஆக, நான் இப்போது சாரத்தில் ஏறுவதில்லை. இது நீ சொன்னதற்காக இல்லை. வேலைக்கு அதுதான் சரி என்று நானாக எடுத்த முடிவு. இந்த வரியை இன்னொரு முறை படி. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

வீட்டுச் சேதி ஒன்றும் இருக்கிறது. அந்தப் பாறையில் மிஞ்சிய சின்னப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அடுப்புக்குப் பின்னால் கரி பிடித்த சுவரைப் பார்த்துத் தினமும் முணுமுணுப்பாயே, அங்கே சட்டம் அடித்துவிட்டேன். கல் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. மாட்டும்போது முன்னால் நிற்கிறவனுக்குக் கொக்கி தெரியாது. அது சட்டத்தில் உட்கார்ந்ததா என்று பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் கண் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கொக்கியையும் இன்னும் முடுக்கவில்லை. ரேகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்கு அழகாகத்தான் இருக்கிறது. அந்த அடுப்படியில் நிற்கப்போவது நீ. எது மேல் என்று நீயே சொல். இந்த ஒரு கல்லுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசுவதாக இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்கட்டும். பேரன் சீக்கிரம் நடக்கட்டும். அவன் நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் யார் பேச்சையும் கேட்காத
உன் வீட்டுக்காரன்