நாற்பத்தொன்றாம் எண் வீட்டில் ஒரே பெயர்

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்னேஹாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். புவனேஸ்வரத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். மாநகராட்சித் தேர்தலில் நம் வார்டில் நிற்கப் போவதாகவும், வாக்காளர் பட்டியலில் உன் வரிசை எண்ணைப் பார்த்துச் சொல்லும்படியும், வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போடும்படியும் போன திங்கட்கிழமை மெசேஜ் அனுப்பியிருந்தாய். பார்க்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

பட்டியலில் உன் பெயர் இல்லை. எடுத்தது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவின் முதல் திவசத்துக்கு நீ வரவில்லை, அங்கே கவுன்சிலர்களுக்கு நீ நடத்தும் வகுப்பு இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றாய். அடுத்த வாரமே வீடு வீடாகப் பட்டியல் சரிபார்க்க கார்ப்பரேஷன் பள்ளி டீச்சர் சரளா வந்தார். ருக்மிணி இறந்துவிட்டாள் என்று சொன்னேன். மகள் என்று கேட்டார். அவளு பரல்லா, இனி வரமாட்டாள் என்று கன்னடத்தில் சொன்னேன். யோசிச்சுச் சொல்லுங்க சார், மகள்தானே என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொல்லி, நீக்கும் படிவத்தில் முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் போட்டதல்ல. ஊரான் வீட்டுச் சாக்கடைக்கெல்லாம் நேரம் இருக்கிறது, பெற்றவள் திவசத்துக்கு இல்லையா என்ற கோபம். அது இன்றைக்கும் முழுக்கத் தீரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வார்டு ஆபீசுக்குப் போனேன். சரளா அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டிருப்பார் என்று ஒரு நப்பாசை. பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. பக்கத்து வீடுகளில் ஐந்து பெயர், ஏழு பெயர். நாற்பத்தொன்றாம் எண்ணில் வைத்தீஸ்வரன், வயது ஐம்பத்தெட்டு, அவ்வளவுதான். பின்னால் நின்று பார்த்தது யார் தெரியுமா, நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சேஷகிரி. என்ன வைத்தி, பெத்த பொண்ணையே லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேளா, உமக்கு எங்க கமிட்டியே தேவலை போலிருக்கே என்று எல்லோர் காதிலும் விழும்படி சிரித்தான். நம் வார்டுக்குப் பார்க் வேண்டுமென்று பதினாறு மனு எழுதியவன் நான், அதன் திறப்புவிழாக் கல்வெட்டில் என் பெயரை விட்டவன் அவன். அதற்காகப் பன்னிரண்டு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தேன்.

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போய், சாப்பாட்டு மணி வரை வராந்தாவில் நின்று சரளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. புதிதாகச் சேர்க்க மனு கொடுக்கலாம், இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, ஆனால் நீ இந்த வீட்டில் நிஜமாகவே குடியிருக்க வேண்டும், அவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் சேர்க்கலாம் என்று எழுதுவாராம். தொம்மலூரில் தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய், அது செல்லாது. இதை நான் என் வசதிக்குச் சொல்வதாக நினைப்பாய். சரளாவின் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், நீயே கேட்டுக்கொள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். போன மாசம் ரெண்டு தடவை வந்து பெல் அடிச்சேன் சார், சத்தமே வரலை, முதல்ல அதைச் சரி பண்ணுங்க என்றார். எத்தனை மாதமாக அது அடிக்கவில்லையோ எனக்குத் தெரியவில்லை. யார் வந்தார்கள், தெரிவதற்கு.

அரசியலைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. இருபத்தெட்டு வருஷ அரசு உத்தியோகத்தில் எத்தனையோ கவுன்சிலர்களைப் பார்த்தாயிற்று. நீ ஜெயிப்பாய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தோற்பதானால் ஜனங்கள் ஓட்டுப் போடாமல் தோற்றுப்போ, அப்பன் கையெழுத்தால் நிற்கவே முடியாமல் போகக் கூடாது. வீடு வீடாகப் போகும்போது முதலில் கன்னடத்தில் பேசு. கழிப்பிடம், தண்ணீர் என்று எவர் சொன்னாலும் அவர் முன்னாலேயே குறித்துக்கொள், மனத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே. சேஷகிரி வீட்டுக்கும் போ, மூன்று அபார்ட்மெண்ட் ஓட்டு அவன் கையில் இருக்கிறது. நான் கேட் வரைக்கும் வருகிறேன், உள்ளே வரமாட்டேன்.

மனுவைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன், உன் கையெழுத்து மட்டும் பாக்கி. அதைத் தபாலில் திருப்பி அனுப்பாதே, கொண்டு வா. நல்லபடியாக வந்து சேர், எடுத்த காரியம் நடக்கட்டும், அம்மா கூட இருப்பாள். பெல்லைச் சரி பண்ணிவிட்டேன். நான்கு தடவை நானே வெளியே போய் அடித்துப் பார்த்தேன், உள்ளே கேட்கிறதா என்று சொல்லத்தான் ஆளில்லை. சரளா வரும்போது நான் போய்த் திறந்தால் போதாதாம், நீ வந்து திறக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
முன்மொழியக் காத்திருக்கும்
அப்பா வைத்தீஸ்வரன்