முழு நிலாவும் சிவந்ததாம்

என்னங்க,

நானும் மகளும் இங்கே சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதை நம்புவதா வேண்டாமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பாவுக்கு அனுப்பிய போட்டோவுக்கு ஏன் பதிலே இல்லை என்று தினமும் என் உயிரை வாங்குகிறாள். போனில் கேட்டால் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்கிறீர்கள். எது நல்லாருக்கு? முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு விஷயத்துக்குப் போன், கிரகணத்துக்குக் கடிதம் என்று சொன்னது நீங்கள்தான். அத்தனை பேர் படுத்திருக்கும் அறையில் பெண்டாட்டியிடம் நிலாவைப் பற்றிப் பேசினால் கிண்டல் செய்வார்கள் என்றீர்கள். வருஷ ஆரம்பத்தில் வந்த சந்திர கிரகணத்துக்கு எவ்வளவு அழகாக எழுதினீர்கள்! காய்ச்சிய இரும்பு ஆறும்போது வருகிற சிவப்பு என்று. வெல்டருக்கு வேறென்ன தோன்றும் என்று சிரித்தேன். மொட்டைமாடியில் நின்று நானும் அதே சிவப்பைத்தான் பார்த்திருந்தேன்.

அடுத்து சூரிய கிரகணம். அது இங்கே தெரியவில்லை, உங்கள் பக்கம்தான் தெரிந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே கிரகணக் கண்ணாடி வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். நீ அனுப்பியதில்தான் பார்த்தேன், கண்ணே கூசவில்லை, முடியும்வரை பார்த்தேன் என்று அன்றைக்கே எழுதினீர்கள். உங்கள் கையெழுத்தில் வந்த கடைசிக் கடிதம் அது.

அப்புறம் வந்ததெல்லாம் உருண்டை உருண்டையான எழுத்து. விரலில் அடி, கூட இருப்பவர் எழுதித் தருகிறார் என்றீர்கள். மாதக்கணக்கில் ஆறாத விரலா அது? அதே சமயத்தில் போன் கேமராவும் ரிப்பேர். உங்களை வெல்டிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்று அறைத் தோழர் வாய் தவறிச் சொன்னார். ஏன் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார். எனக்கு வேறென்ன தோன்றும்? இது பெண் கைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். உங்களைத் திட்டாத திட்டு இல்லை.

போன மாதம் மறுபடி சந்திர கிரகணம். முழு நிலாவும் சிவந்தது, போன தடவையைவிட அழகு என்று கடிதம் வந்தது. பொய்! இந்தத் தடவை ஓரத்தில் நகமளவுதான் இருண்டது. சிவப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சந்திர கிரகணம் ஊருக்கு ஊர் மாறாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே! அன்றைக்கு நீங்கள் வானத்தைப் பார்க்கவே இல்லை. யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டு நாலு பக்கம் எழுதினேன்.

அதைத் தபாலில் போடக் கிளம்பும்போதுதான் அந்தப் பார்சல் திரும்பி வந்தது. வாங்க ஆள் வரவில்லை என்று முத்திரை. உள்ளே கிரகணக் கண்ணாடி, நான் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அப்படியென்றால் எதை வைத்துச் சூரியனைப் பார்த்தீர்கள்? இரும்பு வெட்டும்போது போடுகிற காஸ் கட்டிங் கண்ணாடியா? கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைத்தீர்களா? கடைக்கு வருகிற கண் டாக்டரிடம் கேட்டேன். அது சூரியனைப் பார்க்கப் போதாது, வலியே தெரியாமல் கண்ணுக்குள் நடுவில் வெந்துவிடும், மறுநாள் பார்த்தால் சுற்றிலும் தெரியும், நேரே இருக்கும் முகம் தெரியாது என்றார். இதை மறைக்கத்தானா இத்தனை நாடகம்? நான் என்ன அந்நியமா உங்களுக்கு?

இதை உங்களால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே மிச்சம், இதைப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பவருக்கு.

உங்களை நான் பார்த்ததில்லை. ஆணோ பெண்ணோ, உங்களை மனசாரச் சபித்திருக்கிறேன், மன்னியுங்கள். பெண்ணாகவே இருந்தாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்பது பொய், அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இந்த இடத்தில் அவர் போதும், நிறுத்து என்பார். நிறுத்தாதீர்கள். இன்னும் சத்தமாகப் படியுங்கள். கண் தெரியாத புருஷன் எனக்குப் போதும், காணாமல் போன புருஷன்தான் வேண்டாம். அவரைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் சொல்லச் சொல்வதை எழுதாதீர்கள், டாக்டர் சொன்னதை எழுதுங்கள். அப்புறம் எப்படியாவது விமானத்தில் ஏற்றிவிடுங்கள், இங்கே வாசலில் நான் நிற்பேன்.

இந்தப் புண்ணியத்துக்கு உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
அவர் மனைவி